கல்விக் கடனோடு பதினோரு வருஷம்

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன வாரம், “அண்ணா, தங்கச்சிக்கு இன்ஜினியரிங் சீட் கிடைச்சிருக்கு. நீங்க லோன் போட்டுத்தானே படிச்சீங்க, போடலாமா?” என்று கேட்டான். போட்டேன், போன மாதம்தான் கணக்கை முடித்தேன். அவனிடம் ஒரு மணி நேரம் புலம்பியதைத்தான் இங்கே கொஞ்சம் ஆறிய மனதோடு எழுதப் பார்க்கிறேன்.

2014, மெக்கானிக்கல். அப்போதெல்லாம் கலந்தாய்வுக்கு கிண்டிக்கே நேரில் போக வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரி நான் என்பதால் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி அரசு கணக்கில் போனது, மீதிக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து 3,90,000 ரூபாய் கடன். 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது விதி, அதற்காகவே புத்தகச் செலவைக் கொஞ்சம் குறைத்துப் போட்டோம். அப்பா தையல்காரர். நிலம் கிடையாது, இருப்பது வாடகை வீடு. அவரை நம்பி ஊரில் யாரும் நாற்பதாயிரம் கொடுத்ததில்லை, வங்கி அவர் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருஷா வருஷம் கல்லூரி பெயருக்கு டிடி எடுத்துக் கொடுத்தது. எத்தனை கோபம் இருந்தாலும் இதை மறைத்தால் நான் மனுஷன் இல்லை.

சரி, கோபத்துக்கு வருகிறேன். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு வாங்கிய கடனில் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும். தாசில்தார் ஆபீஸ் வருமானச் சான்றிதழைக் கொடுத்தாயிற்று, இனி கவலை இல்லை என்று நான் பாட்டுக்குப் படித்தேன். ஆனால் அந்த மானியம் தானாக வராது. ஒவ்வொரு வருஷமும் அதற்கான இணையப் போர்ட்டல் திறந்திருக்கும் நாட்களுக்குள் நம் கிளை நம் பெயரை ஏற்றி கிளெய்ம் போட வேண்டும். எனக்கு 2016-17க்கு மட்டும் போடவில்லை. அது எனக்குத் தெரிந்தது 2019-இல், தவணை தொடங்கச் சொல்லிக் கடிதம் வந்தபோது. 11 சதவீதத்தில் அந்த ஒரு வருஷ வட்டி 32 ஆயிரத்துச் சொச்சம். அதை அசலோடு சேர்த்துவிட்டார்கள், அப்புறம் அந்த வட்டிக்கும் வட்டி. கிளைக்குப் போனால் புது மேனேஜர். “அந்த வருஷ போர்ட்டல் மூடியாச்சு தம்பி, நான் அப்ப இங்க இல்லையே.” அவர் சொன்னது உண்மைதான், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்போது அங்கே இல்லை. 2016 நவம்பரில் பழைய 500 ரூபாய் நோட்டோடு தெருமுனை வரை வரிசை நின்ற கிளை அது, கவுண்ட்டரில் இருந்த ரெண்டு பேரும் சோறு தின்னவே நேரமில்லாமல் கிடந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் மன்னிக்கலாம். 32 ஆயிரம் என் கையை விட்டுப் போனதால் மன்னிக்க முடியவில்லை.

தவணை மாதம் 5,800. கொரோனாவில் ஆறு மாதம் தவணையை நிறுத்தி வைத்தேன், வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது. கட்டும் வட்டிக்கு வருமான வரியில் எட்டு வருஷம் சலுகை உண்டு, பழைய வரி முறையில் இருந்தால். எனக்கு வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வந்தபோது பாக்கி வட்டியே கொஞ்சம்தான். போனஸ் வந்தபோதெல்லாம் அசலில் கட்டி, பத்து வருஷக் கெடுவை ஆறில் முடித்தேன்.

தம்பியிடம் நான் முதலில் கேட்டது, தங்கச்சி அரசுப் பள்ளியா என்று. அப்படி இருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டு சீட்டுக்குக் கட்டணம், விடுதி எல்லாம் அரசே கட்டும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரமும் வரும், லோன் பேச்சே வேண்டாம். “மெட்ரிக் அண்ணா” என்றான். குறிப்பிட்ட கல்லூரிகளுக்கு மட்டும் சலுகையோடு கடன் கொடுக்க 2024-இல் மத்திய அரசு கொண்டுவந்த பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டத்தின் பட்டியலிலும் அவள் கல்லூரி இல்லை. அப்புறம் என்ன, சாதாரண லோன்தான். போடு என்றேன். ஆனால் வருஷா வருஷம் கிளைக்குப் போய், கிளெய்ம் ஏற்றியாயிற்றா என்று கேட்டு, சந்தேகமாக இருந்தால் ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார், வாட்ஸ்அப்பில் வரும் ‘ஓகே சார்’ எதையும் நம்பாதே.

படிக்க வைத்த கடன்தான், இல்லையென்றால் நானும் அப்பாவோடு மெஷினில் உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு. போன மாதம் கணக்கு முடித்த அன்று மேனேஜர் கை கொடுத்து, பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், பாக்கி இல்லை என்று சான்றிதழ் கொடுங்கள் போதும் என்றேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் அப்பா பெயரில் இனிஷியல் தப்பு. திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.