வைஃபைல இருந்து டேட்டாவுக்கு தாவும்போது அறுந்து போகாம இருக்க எது பெஸ்ட்?

வீடியோ கால்ல பேசிட்டே வாசலைத் தாண்டுனா மூஞ்சி அப்படியே உறைஞ்சு நிக்கும், "கேக்குதா, கேக்குதா"ன்னு கத்திட்டு இருப்போம். வைஃபைல போனுக்கு ஒரு ஐபி (நெட்ல அதோட முகவரி), டேட்டாவுக்கு மாறுனா வேற ஐபி. நெட்ல தகவலைக் கொண்டு போற வழக்கமான முறையான சாதா டிசிபி, ரெண்டு பக்க ஐபியையும் போர்ட் நம்பரையும் (எந்த ஆப்புக்குன்னு காட்டுற நம்பர்) வச்சுதான் ஆளையே அடையாளம் பாக்குது, அதனால ஐபி மாறுன செகண்ட் அதுக்கு நம்ம அந்நியன் ஆயிடுறோம்.

இதுக்கு முதல்ல வந்த வைத்தியம் மொபைல் ஐபி, 1996லயே ஆர்எஃப்சி 2002ங்கிற நம்பர்ல இன்டர்நெட் தர ஆவணமா வந்துடுச்சு. நிரந்தர அட்ரஸ் ஒண்ணு, அதுக்கு வர்றத நம்ம இருக்குற இடத்துக்கு திருப்பி அனுப்ப ஒரு ஹோம் ஏஜென்ட். ஐடியா நல்லாதான் இருக்கு, ஆனா அந்த ஏஜென்ட்ட யாரு நடத்துறது? வைஃபை ஒருத்தரோடது, டவர் இன்னொருத்தரோடது. நம்ம போன்ல இந்த தாவலுக்கு அது எடுபடவே இல்ல.

நடுவுல யாரையும் நம்பாம ரெண்டு முனையே பாத்துக்கட்டும்னு வந்ததுதான் மல்டிபாத் டிசிபியும் 'குவிக்'கும் (QUIC). உண்மையான போட்டியே இங்கதான்.

டெக்னிக்கலா மல்டிபாத் டிசிபிதான் என் ஃபேவரிட். வைஃபை, டேட்டா ரெண்டுலயும் ஒரே நேரத்துல பாதை போட்டு வச்சுக்கும், ஒண்ணு செத்தா இன்னொண்ணு ஏற்கனவே ஓடிட்டு இருக்கும். ஆப்பிள் 2013லயே ஐஓஎஸ் 7ல அவங்க வாய்ஸ் அசிஸ்டன்ட் 'சிரி'க்கு (Siri) இத போட்டுட்டாங்க, லினக்ஸோட மையமான கெர்னல்ல 5.6 வெர்ஷன்ல இருந்து வர ஆரம்பிச்சுது. ஆனா சர்வருக்கும் இது தெரிஞ்சிருக்கணும், அதுபோக நடுவுல இருக்குற சில ஃபயர்வால் புரியாத டிசிபி ஆப்ஷனைப் பாத்தா பிச்சு போட்டுடும், அப்புறம் பழையபடி சாதா டிசிபிதான்.

குவிக் 2021ல ஆர்எஃப்சி 9000 ஆச்சு. இதுல ஐபிய வச்சு அடையாளம் இல்ல, கனெக்ஷன் ஐடின்னு தனியா ஒண்ணு இருக்கு, ஐபி மாறுனாலும் "நான்தாம்பா"ன்னு ஐடிய காட்டலாம், சர்வரும் புது பாதைக்கு ஒரு சவால் பாக்கெட் அனுப்பி சரிபாத்துட்டு தொடரும். வெப் பக்கத்தைக் கொண்டு வர்ற எச்டிடிபி 3 இது மேலதான் ஓடுது, அதனால பிரவுசர்ல ஏற்கனவே இருக்கு. குறைன்னா, ஒரு நேரத்துல ஒரு பாதைதான், புது பாதைல ஸ்பீடு திரும்ப முதல்ல இருந்து ஏறணும். சர்வர் முன்னாடி நின்னு வர்றத பல சர்வருக்கு பிரிச்சு விடுற லோட் பேலன்சர் ஐபிய மட்டும் பாத்து பிரிக்குறதா இருந்தா வேற சர்வருக்கு தள்ளிவிட்டுடும், கதை முடிஞ்சுது. குவிக் எது மேல ஓடுதோ அந்த யுடிபிய அடைச்சு வச்சிருக்குற ஆபீஸ் நெட்வொர்க்ல குவிக்கே கிடையாது. இருந்தும் நெட் வேலைக்கு என் ஓட்டு இதுக்குதான், ஏன்னா கையில இருக்கு.

சாதா போன் காலுக்கு மட்டும் வோவைஃபைய (ஆபரேட்டர் கால் வைஃபை வழியா போறது) அடிச்சுக்க ஆளில்ல. ஆபரேட்டர் வரைக்கும் ஒரு ஐபிசெக் டனல் (பூட்டு போட்ட தனிப்பாதை), 4ஜிக்கு போனாலும் ஆபரேட்டரோட நுழைவாசலான அதே கேட்வே அதே ஐபிய பிடிச்சு வச்சிருக்கும். வெளிய 2ஜி மட்டும் இருந்தா பெரும்பாலும் கால் கட் ஆயிடும்.

(802.11ஆர்னு ஒரு வைஃபை தரத்தைச் சொல்லி குழப்புவாங்க, அது ஒரே வைஃபை நெட்வொர்க்குக்குள்ள ஒரு ரவுட்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு தாவ மட்டும்தான்.)

இதுல எதுவுமே எப்ப தாவணும்னு முடிவு பண்ணாது, அது போனோட வேலை. அதுவோ ஒரு புள்ளி சிக்னலையும் விடாம தொங்கும். 2015ல ஐஓஎஸ் 9ல வைஃபை வீக்கானா டேட்டாவுக்கு மாத்துற வைஃபை அசிஸ்ட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஆண்ட்ராய்டு போன்கள்லயும் அதே மாதிரி செட்டிங் இருக்கு. நான் இன்னும் கிளம்புறப்ப வைஃபைய கையால ஆஃப் பண்ணிட்டுதான் கதவத் தொறக்குறேன்.