சீமைக்கருவேலங்கரி: கறிக்குப் புகைபோட எத்தனை மணி நேரம் நிற்கும்?

டெல்டா பக்கத்துக் கரிக்கடைகளில் கட்டைக்கரி என்று கேட்டால் பெரும்பாலும் சீமைக்கருவேலங்கரிதான் கிடைக்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. அமெரிக்காவில் இறைச்சிக்குப் புகைபோடப் பேர்போன மெஸ்கீட் மரத்துக்கு இது நெருங்கிய சொந்தம். வயலையும் ஏரியையும் கெடுத்த மரம் அடுப்புக்காவது உதவட்டும்.

நேரக் கணக்கு இதுதான். மூடி சரியாக உட்காரும் 200 லிட்டர் டிரம்மில் 4 கிலோ கரி போட்டு, சூட்டை 110 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் வைத்தால் 7, 8 மணி நேரம் தாராளமாக நிற்கும். ஒன்றரைக் கிலோ ஆட்டுத் தொடைக்கு 5, 6 மணி நேரம் பிடிக்கும் என்பதால் நடுவில் கரி அள்ளிப்போடும் வேலை இல்லை. அதே 4 கிலோவை மூடி ஆடும் டிரம்மில் போட்டால் நாலு மணி நேரத்தில் நீறு பூத்துவிடும். காற்று எவ்வளவு போகிறதோ அவ்வளவு வேகமாகக் கரி தீரும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, கரி பறந்துவிடும். டிரம்மில் காற்றடிக்கும் பக்கத்துக் காற்றுத் துவாரத்தை அடைத்து எதிர்ப்பக்கத்தை மட்டும் கால்வாசி திறந்துவையுங்கள்.

இந்தக் கரியின் பெரிய குறை, மூட்டைக்குள் எல்லாம் கலந்து கிடப்பது. கொட்டிப் பிரிக்காமல் அடுப்பில் போடவே கூடாது. முட்டை அளவிலிருந்து கைமுஷ்டி அளவு வரை உள்ளது புகைக்கு. அதைவிடச் சின்னது பற்றவைக்க. தூள் அடியில் போய்க் காற்றை அடைத்து, பாதி வேலையில் தணலை அணைத்துவிடும், அது செடிக்குப் போகட்டும். நன்றாக வெந்த கரியைத் தட்டினால் கணீரென்று சத்தம் வரும். பழுப்பு நிறத்தில் கனமாக இருப்பது அரைவேக்காட்டுக் கொள்ளி. அது கிளப்பும் வெள்ளைப் புகையில் கறி கசந்துபோகும். இந்தக் கரி பொரிந்து தெறிக்கவும் செய்யும், கீற்றுக் கொட்டகைப் பக்கம் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் வாங்குவதாக இருந்தால் யோசியுங்கள். ஈரம் குடித்த கரி எடையில் ஏமாற்றும், பற்றவும் நேரமாகும், சூடும் ஏறாது. சித்திரை வெயிலில் வாங்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போட்டுவைப்பது நல்லது.

சிரட்டைக்கரி சீக்கிரம் பற்றும், சூடும் அதிகம், ஆனால் சில்லு மெலிசு. முக்கால் மணிக்கொரு முறை அள்ளிப்போட வேண்டியிருக்கும். மீன் சுட அது போதும், தொடைக்குச் சரிப்படாது.

அடுக்கும் முறையில்தான் பாதி நேரம் மிச்சமாகிறது. பற்றாத கரியை டிரம்முக்குள் வைக்கும் கம்பிக் கூடையில் நிரப்பி நடுவில் குழி பறியுங்கள். துளையிட்ட பழைய எண்ணெய் டின்னில் 12, 15 துண்டுகளைப் பன்னாடை வைத்துப் பற்றவைத்து, மேலே சாம்பல் படர்ந்ததும் குழியில் கொட்டுங்கள். மண்ணெண்ணெய் தொடாதீர்கள், அந்த வாடை கறியில் ஏறினால் இறங்காது. தணல் மெல்ல வெளிப்பக்கம் பரவும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பற்றவைத்தால் சூடு 200 டிகிரி தாண்டிவிடும், பிறகு இறக்குவது பெரும்பாடு. 100 டிகிரி வரும்போதே துவாரங்களைக் குறைக்கத் தொடங்க வேண்டும்.

வாசனைக்குக் காய்ந்த கொய்யா அல்லது புளியங்கட்டை கைமுஷ்டி அளவில் மூன்று போதும். வேம்பு கசக்கும். புகை மெலிந்து நீலம் பாய்ந்த பிறகே கறியை உள்ளே வையுங்கள்.

நம் வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு. கறிக்குள் 70 டிகிரி வந்ததும் சூடு ஏறாமல் ஒரு மணி நேரம் நின்றுவிடும், மேல் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதுதான் காரணம். பதறிக் கரி அள்ளிப்போட வேண்டாம். வாழை இலையில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தால் காயாமல் 92 டிகிரி வரை போகும். கோழிக்கு உள்ளே 74 டிகிரி போதும்.

வேலை முடிந்ததும் எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட்டால் மிச்சக் கரி அணைந்து நிற்கும். சாம்பலை உதறிவிட்டு, அடுத்த முறை புதுக்கரிக்கு மூன்றில் ஒரு பங்கு சேர்க்கலாம். அணையும் வரை டிரம்மை வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ வைக்காதீர்கள். கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.