மேலே ரெயின்சூட்டா, உள்ளே லைனரா?

மழைக்காலத்தில் பைக்கில் நெடுந்தூரம் கிளம்புகிறேன் என்று சொன்னால், டயரைப் பார், பிரேக்கைப் பார் என்று எல்லோரும் சொல்வார்கள். என்ன உடுத்திக்கொண்டு போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பத்து டிகிரி குளிரில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காய்ந்த தோலுக்கே அது நாலு டிகிரி போலத்தான் உறைக்கும். நனைந்துவிட்டால் இன்னும் மோசம். அதனால் மழை உடுப்பை நான் சொகுசுப் பொருளாகப் பார்ப்பதில்லை. பிரேக் மாதிரி அதுவும் பாதுகாப்புச் சாமான்தான்.

கையில் இருக்கும் வழிகள் மூன்று. காற்றோட்டமான மெஷ் (வலைத்துணி) ஜாக்கெட்டுக்குள் மாட்டும் வாட்டர்ப்ரூஃப் உள்ளுறையான லைனர், ஜாக்கெட்டுக்கு மேலே போடும் ரெயின்சூட், வெளித்துணியிலேயே நீர்புகாச் சவ்வு ஒட்டிய லேமினேட் ஜாக்கெட்.

லைனரை நான் பல வருடம் நம்பினேன். ஜாக்கெட்டோடு சேர்ந்தே வருவதால் தனியாக வாங்க வேண்டியதில்லை, மடித்தால் கைக்குள் அடங்கிவிடும். ஆனால் அது தண்ணீரைத் தடுப்பது உடம்புக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான். அதற்கு வெளியே இருக்கும் ஜாக்கெட், தோள்பட்டைப் பேட், பாக்கெட்டில் வைத்த காகிதம் எல்லாம் ஊறிவிடும். மழை விட்ட பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதில் ஒரு பங்கை ஊறிய ஜாக்கெட் நம் உடம்பிலிருந்தே இழுத்துக்கொள்ளும். தோல் நனையவே இல்லை, ஆனாலும் நடுங்குகிறோம். இன்னொன்று, லைனரை மாட்ட ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். கொட்டும் மழையில் சாலையோரம் நின்று அதைச் செய்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஒரு விடியற்காலைப் பயணத்தில் இப்படி ஊறிய ஜாக்கெட்டோடு மூன்று மணி நேரம் ஓட்டினேன். முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது கண்ணில் பட்டது, மனதிலும் பட்டது, ஆனால் விரல்கள் பிரேக் லீவரை இழுக்க ஒரு கணம் தாமதித்தன. எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கணம் என்னை உலுக்கிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ரெயின்சூட்தான்.

ரெயின்சூட் தண்ணீரை வெளி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. உள்ளே ஜாக்கெட் காய்ந்தே இருக்கும், பேட்களும் அதனதன் இடத்தில் இருக்கும். குறைகளும் உண்டு. மலிவானதாக இருந்தால் உள்ளே வேர்த்துக் கசகசக்கும். தொளதொளவென்று இருந்தால் காற்றில் படபடத்தே தோளைக் களைப்பாக்கும். கால் பக்கத்துத் துணி சூடான சைலன்சரில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். முதலில் கசிவது பெரும்பாலும் கவட்டுத் தையலில்தான், ஏனென்றால் சீட்டில் தண்ணீர் தேங்குவது அங்கேதான். ஆகவே தையல்களுக்கு உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ரைடிங் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பைக்கில் உட்காரும் நிலையில் அளவு பாருங்கள். பூட்ஸைக் கழற்றாமல் நுழைக்கும்படி காலில் நீள ஜிப் இருக்கட்டும். கறுப்பு வேண்டவே வேண்டாம். லாரி கிளப்பும் நீர்ப்புகையில் கறுப்புச் சூட் போட்டவரைப் பார்ப்பது ரொம்பக் கஷ்டம்.

லேமினேட் ஜாக்கெட்டின் கதை 1969-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பாப் கோர் என்பவர் ஒரு வகைப் பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து நீட்டி, நுண்துளைகள் நிறைந்த பொருளாக மாற்றினார். கோர்-டெக்ஸ் சவ்வு அதிலிருந்து வந்ததுதான். நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறிய துளைகள், ஆனால் வியர்வை ஆவி வெளியேறிவிடும். நல்ல லேமினேட் ஜாக்கெட்டில் வெளித்துணி அதிகம் ஊறாது. மழை வரும்போது நிறுத்தி எதையும் மாட்டவும் வேண்டாம். குளிர்மழையில் வருடம் முழுக்க ஓட்டுபவருக்கு இதைவிட நல்லது இல்லை என்றே சொல்வேன். ஆனால் விலை அதிகம், வெயில் வந்தால் புழுக்கம். வெளித்துணியில் நீரை ஒட்டவிடாத மேற்பூச்சு தேய்ந்துவிட்டால் துணி நீர் குடித்து, ஆவி வெளியேறுவதும் குறையும். துவைத்து மறுபடி பூச்சு ஏற்ற வேண்டும். ஒரே நாளில் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் பயணத்துக்கு மெஷ் ஜாக்கெட்டும் ரெயின்சூட்டும்தான் என் தேர்வு.

எதை வாங்கினாலும் மணிக்கட்டைக் கவனியுங்கள். கை தாழ்ந்து இருக்கும் ஹேண்டில்பார் என்றால் தண்ணீர் சட்டைக் கையிலிருந்து விரலை நோக்கி வழியும், அதனால் கிளவ்ஸின் விளிம்பு சட்டைக் கைக்கு உள்ளே போக வேண்டும். ஹேண்டில்பார் உயர்ந்து, முழங்கை கீழே இருந்தால் நேர்மாறாக. பூட்ஸுக்கு இந்தக் குழப்பம் இல்லை, பேன்ட் எப்போதும் வெளியேதான்.

அப்புறம், ரெயின்சூட்டைப் போட வேண்டியது முதல் தூறலுக்கு முன்பு. வானம் கறுத்ததும் நிறுத்திப் போட்டுவிடுவேன். பையில் அது எப்போதும் மேலேயே இருக்கும். நடுக்கம் வந்து, ஓய்வெடுத்தும் நிற்கவில்லை என்றால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. குளிர் நீடிக்கும்போதே நடுக்கம் தானாக அடங்கி, நினைவு மங்கினால் அது இன்னும் ஆபத்து. இரவு தங்கும் இடத்தில் சூட்டைச் சுருட்டி வைக்காமல் முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப் போடுங்கள். காலையில் ஜாக்கெட்டை ஒட்டி வருவது அந்தப் பக்கம்தான்.