குமரிமுனையா, முட்டமா, சொத்தவிளையா?

அண்ணன் குடும்பம் சென்னையில். ஒவ்வொரு மே மாதமும் நாகர்கோவில் வந்து இறங்கிய மறுநாளே மயினி (அண்ணி) கேட்பார்: "தம்பி, இந்தத் தடவையாவது கூட்டம் இல்லாத பீச்சுக்குக் கூட்டிட்டுப் போவியளா?" கேட்டுவிட்டு, கடைசியில் கன்னியாகுமரிக்குத்தான் வண்டியைத் திருப்பச் சொல்வார். மாவட்டத்தின் கடற்கரை சுமார் 72 கிலோமீட்டர். வெளியூர்க்காரர்கள் கால் நனைப்பதோ அதன் ஒரு மூலையில் மட்டும்.

முனையைக் குறை சொல்ல மாட்டேன். சூரிய உதயத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. 1970இல் திறந்த விவேகானந்தர் மண்டபம், 2000 ஜனவரி 1இல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பர் 30இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். கடல் கொஞ்சம் சீறினாலோ உள்வாங்கினாலோ வள்ளுவர் பாறைக்குப் படகு போகாது என்று கைவிரிப்பது முன்பெல்லாம் வழக்கம். பக்கத்துப் பாறையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். இப்போது நடந்தே போய்விடலாம். ஆனால் பள்ளி விடுமுறையில் படகு வரிசையில் நிற்கும் பொறுமை வேண்டும்.

முனையின் பலவீனம் சாயங்காலம்தான். கன்னியாகுமரியிலிருந்து கரை மேற்கே போய், மெல்ல வடக்கே ஏறுகிறது. மே, ஜூனில் சூரியனும் வடமேற்கில்தான் சாய்கிறது. ஆகவே கடலுக்குள் விழ வேண்டியது கரைப்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். காலையும் மாலையும் ஒரே ஊரில் கடலில் பார்க்க ஆசையென்றால் மார்கழி, தை மாதங்களில் வாருங்கள்.

முட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதைத் தாண்டியதும் கரை குளச்சலை நோக்கி வடக்கே திரும்பிவிடுகிறது. மே மாதத்திலும் சூரியன் தண்ணீரில்தான் இறங்கும். மேலே செம்மண் தேரி (மணல்மேடு), கலங்கரை விளக்கம். கீழே யானைக் கூட்டம் படுத்திருப்பது போலப் பாறைகள். அலை வந்து அறைந்தால் மேலே நிற்பவர் முகத்தில் சாரல் விழும். எண்பதுகளில் தமிழ் சினிமா இங்கே ஏன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது என்பது ஐந்து நிமிடத்தில் புரியும். நாகர்கோவிலிலிருந்து முனைக்கும் முட்டத்துக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன, கடை கண்ணி குறைவு. தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும். பாசி பிடித்த பாறையில் செருப்போடு ஏறி நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மணலில் பிள்ளைகள் ஓட வேண்டுமென்றால் சொத்தவிளை. நீளமான மணல்கரை, பாறைத் தொந்தரவு இல்லை. சங்குத்துறையும் அதே சாடைதான், அளவில் சின்னது. ஆனால் குளிப்பது வேறு கதை. நம் மேற்குக் கரையில் அலை தூரத்திலேயே உடைந்து தளர்ந்து வராது. கரையில் வந்துதான் உடையும், திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். போதாக்குறைக்குக் கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தெற்கே எங்கோ அடித்த புயலின் அலை, இங்கே காற்று அசையாத நாளில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். கணுக்கால் வரைக்கும் போதும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மீன் சாப்பிட வருபவர்கள் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். முனைக்குப் பக்கத்துச் சின்னமுட்டத்து விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எனவே மே மாதம் வந்தால் குளச்சல்தான். நாட்டு வள்ளங்களுக்குத் தடை கிடையாது என்பதால் சாளையும் நெத்திலியும் எப்படியும் கிடைக்கும். மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கோடு அதுவே போதும் என்பேன் நான். மயினிக்கு நெய்மீன் (வஞ்சிரம்) இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது.

குளச்சலில் 1741இல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை முறியடித்ததன் நினைவுத் தூண் இருக்கிறது. அங்கே பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பின்னாளில் அதே ராஜாவின் தளபதியாகி, முனைக்குக் கிழக்கே வட்டக்கோட்டையைப் புதுப்பித்துக் கட்டினார். கோட்டைச் சுவர்மேல் நின்றால் கீழே கறுப்பு மணல், கொஞ்சம் சாதுவான கடல். கடலைக் கண்டால் பயப்படும் வயதானவர்களை நான் அங்கேதான் கூட்டிப்போவேன். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேரும் இடம் அழகு. நாகர்கோவில்காரர்களுக்கு அது தூரம். மார்த்தாண்டத்தில் தங்குபவர்கள் விட்டுவிடக் கூடாது.

இந்த மே மாதத்துக்கு நான் போட்டிருக்கும் கணக்கு இது: விடியலுக்கு முனை, படகு வரிசை நீளும் முன் பாறை, வெயிலுக்கு வீடு, சாயங்காலம் முட்டம். மயினி சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் முனையில் வாங்கும் கலர் மண் பொட்டலம் மட்டும் கட்டாயம் வேண்டுமாம். அந்தக் கறுப்பும் சிவப்பும் இல்மனைட், கார்னெட் என்ற கனிம மணல்தான், மணவாளக்குறிச்சிக் கரையில் கால் வைத்தாலே ஒட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "பாக்கெட்ல இருந்தாத்தான் தம்பி கொடுக்க முடியும்" என்றார்.