சிங்கப்பூர்–சென்னை "ஆறு மணி நேரம்தான்" என்று டிக்கெட் விற்கிறார்கள், கவனம்

அக்காவின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்த அம்மா போன ஜூனில்தான் திரும்பினார். வயது 67, சர்க்கரை உண்டு. திரும்பும் டிக்கெட்டை எங்கள் பகுதியில் இருக்கும் ஒரு டிராவல் ஏஜென்ட்டிடம் போட்டேன்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் நாலு, நாலரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ஏஜென்ட், "கோலாலம்பூர்ல மாறிப் போனா 3,500 ரூபாய் குறையும் சார். மொத்தமே ஆறு மணி நேரம்தான்" என்றார். அவர் கொடுத்த தாளிலும் மாலை 3 மணிக்குப் புறப்பாடு, இரவு 9 மணிக்குச் சென்னை என்றுதான் இருந்தது. நம்பிவிட்டேன்.

அந்த 3 மணி சிங்கப்பூர் நேரம், 9 மணி நம் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே 3 மணி என்றால் இங்கே பகல் 12.30. ஆக, உண்மையான பயணம் எட்டரை மணி நேரம். தினமும் டிக்கெட் போடுகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

அதைவிடப் பெரிய ஏமாற்று, அது ஒரே டிக்கெட்டே இல்லை. இரண்டு வேறு விமான நிறுவனங்களின் டிக்கெட்டுகள், இரண்டு பிஎன்ஆர் (முன்பதிவு எண்). முதல் விமானம் கோலாலம்பூரில் முதல் டெர்மினலில் இறங்கும், அடுத்தது இரண்டாம் டெர்மினலில் கிளம்பும். பெட்டி நேராகச் சென்னைக்கு வராது. இமிகிரேஷன் தாண்டி மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, ரயில் பிடித்து, மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும். இதில் ஒன்றைக்கூட அவர் எங்களிடம் சொல்லவில்லை.

இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவில் விசா தேவையில்லை. ஆனால் உள்ளே நுழைய, முன்கூட்டியே ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதம். இமிகிரேஷனில் திருப்பி அனுப்பியதும், வரிசையில் நின்ற ஒரு தமிழ்ப் பெண் தன் போனில் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. பெட்டியோடு இரண்டாம் டெர்மினலுக்குப் போனபோது கவுன்டரை மூடிவிட்டார்கள்.

ஒரே பிஎன்ஆராக இருந்திருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்பதால், கோலாலம்பூரில் இறக்கியதோடு தங்கள் வேலை முடிந்தது என்றார்கள் முதல் நிறுவனத்தார். நேரத்துக்கு வராதவருக்குப் பணம் கிடையாது என்றார்கள் இரண்டாவது நிறுவனத்தார். இரவு முழுக்க அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்சுலின் கைப்பையில் இருந்ததால் தப்பித்தோம். மறுநாள் காலை புது டிக்கெட்டுக்கு 17,400 ரூபாய் கட்டினேன்.

ஏஜென்ட்டிடம் கேட்டதற்கு, "ஃபிளைட் லேட்டானா நான் என்ன சார் பண்றது" என்கிறார். தாமதத்துக்கு அவர் பொறுப்பில்லை, சரி. இரண்டு டிக்கெட் என்பதை மறைத்ததற்கு யார் பொறுப்பு?

நீங்கள் டிக்கெட் வாங்கினால் ஏஜென்ட் அச்சடித்துத் தரும் தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். விமான நிறுவனம் அனுப்பும் டிக்கெட்டையே கேட்டு வாங்குங்கள். எத்தனை பிஎன்ஆர், பெட்டி எந்த ஊர் வரை போகும், எந்த டெர்மினல் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பெரியவர்கள் தனியாக வருகிறார்கள் என்றால் தயவுசெய்து நேரடி விமானமே போடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அவருடைய தாளையும் இரண்டு டிக்கெட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.