3500 வாட் என்று எழுதியிருந்த ஜெனரேட்டர்

களியக்காவிளை, பளுகல், பனச்சமூடு பக்கத்தில் இருந்து யாராவது இந்த மழைக்கு முன்னால் கேரள எல்லை தாண்டிப் போய் வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கலாம் என்று நினைத்திருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் 34,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கடைக்காரர் சொன்னபடியே செய்ததில் அப்பாவின் உயிருக்கே ஆபத்து வந்தது.

எங்கள் வீடு களியக்காவிளையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, சுற்றிலும் ரப்பர் விளை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே எங்கேயாவது ஒரு மரம் கம்பியின் மேல் சாயும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்களுக்கு 11 நாள் கறண்டு இல்லை. அப்போது அப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார், மண்ணெண்ணெய் விளக்கை வைத்துச் சமாளித்தோம். இப்போது நிலைமை வேறு. அப்பாவுக்கு நுரையீரல் கோளாறு. ராத்திரி முழுக்கவும், பகலில் சில மணி நேரமும் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் ஓட வேண்டும். அதனால்தான் இந்தத் தடவை இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முன்பே ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைத்துவிட நினைத்தேன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் மெயின் ரோட்டிலேயே ஒரு கடை. பெயரை இங்கே எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. மார்த்தாண்டத்தில் நல்ல கம்பெனி ஜெனரேட்டருக்கு ஐம்பத்தைந்தாயிரம் சொன்னார்கள். இங்கே 34,000. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 3500 வாட். “அப்பாவுக்கு மெஷின் ஓடணும், பிரிட்ஜ் ஓடணும், கிணத்து மோட்டார் ஒரு எச்.பி. அதுவும் ஓடுமா?” என்று கேட்டேன். “சேட்டா, ஒண்ணும் பேடிக்கண்டா (பயப்பட வேண்டாம்). மூணரைக் கிலோவாட்டாக்கும். ஏ.சி. கூட ஓடும்” என்றார். ஸ்டெபிலைசர் வைக்க வேண்டுமா என்றேன். வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆர் உள்ளேயே இருக்கிறது, வேண்டாம் என்றார். பில் கேட்டேன். பில் போட்டால் ஆறாயிரம் கூடும், எஸ்டிமேட் போதும், கம்ப்ளெயின்ட் வந்தால் நான் இல்லையா என்றார். அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆறாயிரம் மிச்சம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். முன்பணம் பத்தாயிரம் ஜிபேயில், மீதி கையில்.

கிளம்பும்போது அவர் இரண்டு விஷயம் சொன்னார். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டுக்காகத்தான்.

ஒன்று, மழையில் நனைந்தால் கெட்டுப்போகும், அதனால் வீட்டு வராந்தாவிலேயே வைத்து ஓட்டுங்கள் என்பது. இரண்டாவது, இலவசமாக ஒரு ஒயர் கொடுத்தார். இரண்டு முனையிலும் பிளக். ஒரு முனை ஜெனரேட்டரில், மறு முனை வீட்டில் ஏதாவது ஒரு பவர் பிளக் பாயின்டில். அப்படிச் செய்தால் வீடு முழுக்கக் கறண்டு வந்துவிடும், ஒயர்மேன் வேண்டாம், செலவு வேண்டாம்.

ஜூன் மாதம் ஒரு ராத்திரி பக்கத்து விளையில் மரம் விழுந்து லைன் அறுந்தது. நான் ஜெனரேட்டரைக் கிரில் போட்ட வராந்தாவில் வைத்து ஸ்டார்ட் செய்தேன். அப்பாவின் அறை ஜன்னல் அந்த வராந்தாவைப் பார்த்துத்தான் இருக்கிறது. மழைச்சாரல் அடித்ததால் வராந்தாவின் இரண்டு பக்கமும் தார்ப்பாய் கட்டியிருந்தோம். நாற்பது நிமிடம் ஓடியிருக்கும். அப்பா தலை வலிக்கிறது என்றார். என் மனைவிக்குக் குமட்டல். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை அப்பாவின் விரலில் மாட்டிப் பார்த்தோம், 94 காட்டியது. அவருக்கு அது நல்ல அளவுதான். சரி, தூக்கம் கெட்டதால் இருக்கும் என்று விட்டுவிட இருந்தேன். அவள்தான், “எனக்குமாக்கும் தலை சுத்துது, ரெண்டு பேருக்கும் ஒண்ணா எப்படி வரும்? மொதல்ல அத ஆஃப் பண்ணுங்க” என்றாள். ஆஃப் செய்து, கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு, அப்பாவைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தோம். இருந்த சிலிண்டரை மாட்டினோம். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் சொல்லித்தான் முழுசாகப் புரிந்தது. பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நாம் முகர்வது மற்ற புகையைத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்றே காட்டும். அதனால் 94 என்று பார்த்து நாங்கள் ஆறுதல் அடைந்ததற்கு அர்த்தமே இல்லை. கான்சன்ட்ரேட்டரும் அறையில் இருக்கிற காற்றைத்தான் இழுக்கிறது. அந்த அறைக் காற்றே கெட்டுப்போயிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் நாங்கள் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. வராந்தா, கார் ஷெட், மாட்டுத் தொழுவம், பாதி மூடிய எந்த இடமும் ஆகாது. வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, வெட்டவெளியில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மழைக்கு நான்கு கால் நட்டு மேலே மட்டும் ஒரு தகரம் போடுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளும் லைன் சரியாகவில்லை. இப்போது ஜெனரேட்டரை முற்றத்துக்குத் தள்ளி, கிணற்றடிக்கு அந்தப் பக்கம் வைத்தேன். கான்சன்ட்ரேட்டர், பிரிட்ஜ், நாலு எல்இடி பல்பு, ஒரு ஃபேன். லைட் துடித்துக்கொண்டே இருந்தாலும் ஓடியது. மேல் டேங்கில் தண்ணீர் தீர்ந்ததும் மோட்டார் சுவிட்சைப் போட்டேன். இன்ஜின் அமுங்கி முனகியது, பல்பு மங்கியது, மோட்டார் சுற்றாமல் ‘உம்’ என்று நின்றது. பயந்து சுவிட்சை அணைத்தேன். பாரம் ஒரேயடியாக இறங்கியதும் இன்ஜின் அலறிக்கொண்டு ஏறியது, பல்புகள் பளீரென்றன, அப்பாவின் மெஷின் ஒரு தடவை கூவிவிட்டு நின்றுபோனது. கரிந்த வாடை. போர்டு போச்சு. சரி செய்ய 9,500 ரூபாய், ஆறு நாள். அந்த ஆறு நாளும் சிலிண்டர்தான். பி டைப் சிலிண்டர் நிமிஷத்துக்கு 2 லிட்டர் வைத்தால் ஏறக்குறைய 12 மணி நேரம் வரும். காலையிலும் மாலையிலும் ஆள் விட்டு மாற்றினோம்.

கடைக்குப் போன் செய்தேன். முதலில், ஆயில் ஊற்றாமல் ஓட்டியிருப்பீர்கள் என்றார். புது மெஷின் ஆயில் இல்லாமல்தான் வரும் என்று தெரிந்து, 600 மில்லி நான் ஊற்றியதைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அனுப்பினேன். பிறகு, மோட்டார் போடச் சொன்னது யார் என்றார். பிறகு போனை எடுக்கவில்லை. நேரில் போனபோது எஸ்டிமேட் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் எங்கள் கடைப் பெயரே இல்லையே என்றார். கேஸ் போடுவதானால் திருவனந்தபுரத்துக்கு வந்து போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

மார்த்தாண்டத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒரு அண்ணன் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்மூடியைக் கழற்றி, உள்ளே தெரிந்த கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. “பாத்தியளா தம்பி, அலுமினியம். மேல வார்னிஷ்தான் செம்புக் கலர்.” ஏவிஆர் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை, ஒரு கெப்பாசிட்டர் மட்டும்தான். பிறகு 500 வாட் ஹாலஜன் பல்புகளை ஒவ்வொன்றாக மாட்டினார். சும்மா ஓடும்போது 255 வோல்ட். மூன்று பல்பு வரை தாங்கியது. நாலாவதைப் போட்டதும் 170 வோல்ட்டுக்கு இறங்கியது. அதாவது 1500 வாட்டுக்கு மேல் அதனால் முடியாது.

இன்ஜின் எத்தனை சிசி என்று பார்த்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும் என்றார் அவர். 163 சிசி. நம் நாட்டுக் கறண்டு 50 ஹெர்ட்ஸ், அதற்கு இந்த மாதிரி இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்ற வேண்டும். அந்த வேகத்தில் 163 சிசி இன்ஜின், நல்ல கம்பெனியுடையதே ஆனாலும், விடாமல் கொடுக்கக்கூடியது 2 கிலோவாட் பக்கம்தான். மூணரை என்பது நடக்காத காரியம். பெட்டியில் இருப்பதைப் பார்க்காதீர்கள், கறண்டு உண்டாக்கும் பாகமான ஆல்டர்னேட்டரில் அடித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். அதிலும் ‘மேக்ஸ்’ என்று இருப்பதை விட்டுவிட்டு ‘ரேட்டட்’ என்று இருப்பதை மட்டும் எடுங்கள், விடாமல் கொடுக்கக்கூடியது அதுதான். கேவிஏ என்று போட்டிருந்தால் அதை 0.8ஆல் பெருக்கினால் வருவதுதான் பெரும்பாலும் கிலோவாட். என் ஜெனரேட்டரில் தகடே இல்லை, ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தது.

மோட்டார் கணக்கையும் அவரிடம்தான் படித்தேன். ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது ஆயிரத்து நூறு வாட் அளவுக்கு இழுக்கும். ஆனால் ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நொடி அதைப்போல் மூன்று நாலு மடங்கு வேண்டும். பிரிட்ஜும் அப்படித்தான். அப்பாவின் 5 லிட்டர் மெஷினுக்கு 350 வாட்தான். மோட்டாருக்காக ஆசைப்பட்டுத்தான் நான் இந்தப் பெரிய நம்பர் பெட்டிக்குப் போனேன். மழைக்கோள் கண்டதும் டேங்கை நிரப்பி வைத்திருந்தால் மோட்டாரை ஜெனரேட்டரில் போட வேண்டிய தேவையே வந்திருக்காது. அப்பாவின் மெஷினுக்கு மட்டும் என்றால் சின்ன இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் போதும், அதன் கறண்டும் துடிக்காது. நீங்கள் எது வாங்கினாலும் சரி, உங்கள் வீட்டு பாரத்துக்குச் சமமாகக் கடையிலேயே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஹீட்டரோ ஹாலஜனோ எதுவானாலும் போதும். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

இனி அந்த ஒயர். காயில் கட்டுகிற அண்ணனிடம் அதைக் காட்டியபோது அவர் முகம் மாறிவிட்டது. ஒரு முனையைச் செருகி ஜெனரேட்டர் ஓடினால் மறு முனையின் பின்கள் வெளியே நீட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும், குழந்தை தொட்டால் போச்சு. அதைவிட மோசம், மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் நம் ஜெனரேட்டர் கறண்டு சர்வீஸ் ஒயர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போனால் அது 230 வோல்ட்டாக இருக்காது, மறுபக்கம் 11,000 வோல்ட் ஆகிவிடும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கிற ஆளின் கையில் அது பாயும்.

ஒக்கி சமயத்தில் வேறு மாவட்டங்களிலிருந்து வந்த இ.பி. ஆட்கள்தான் எங்கள் ஊரில் கம்பம் நட்டார்கள். நாலு பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சியும் பயறும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவின ஈரத்தோடு மறுபடி ஏறினார்கள். அம்மா அதை இன்றும் சொல்வாள். ஜூன் மாதம் எங்கள் லைனைச் சரி செய்ய வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் அந்த ஒயரைப் பயன்படுத்தித்தான் வீட்டுக்குக் கறண்டு கொடுத்தேன். மெயினை அணைத்திருந்தேன், இரண்டு தடவையும். ஒரு தடவை மறந்திருந்தால்? எங்கள் பக்கத்தில் இன்னும் எத்தனை வீட்டுக்கு அந்தக் கடைக்காரர் இதை இலவசம் என்று கொடுத்திருக்கிறாரோ. வீட்டு வயரிங்கில் ஜெனரேட்டரைச் சேர்க்க வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்து லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட வேண்டும். இல்லையா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நேராக ஜெனரேட்டரில் செருகி அதிலிருந்து எடுங்கள். இரண்டைத் தவிர மூன்றாவது வழி இல்லை.

கேஸ் போடத் திருவனந்தபுரம் போக வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதும் பொய். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான நமக்கு நாகர்கோவில். ஐந்து லட்சத்துக்குள் விலை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு பதிவு செய்தேன். கடைக்காரர் அதற்குப் பதிலே தரவில்லை.

பில் இல்லாததால் என் பக்கம் பலவீனம்தான், மறைக்கவில்லை. ஜிபேயில் போன பத்தாயிரம், வராந்தாவில் வைக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், காயில் கட்டுகிற அண்ணன் எழுதிக் கொடுத்த சோதனை விவரம், மெஷின் போர்டு மாற்றிய பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். நோட்டீஸ் போயிருக்கிறது. அதே கடையில் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து போவோம்.

இப்போதைக்கு அப்பாவுக்கு 150 ஏ.எச். பேட்டரியோடு இன்வெர்ட்டர் போட்டிருக்கிறேன். மெஷின் மட்டும் ஓடினால் மூன்றரை மணி நேரம் தாங்குகிறது. அறையில் இரண்டு சிலிண்டர் நிரப்பி வைத்திருக்கிறோம். அந்த ஒயரை நடுவில் வெட்டி, புகாரோடு ஆதாரமாகக் கொடுத்துவிட்டேன்.