சின்ன வீட்டுக்குள் விறகு அடுப்பு: நான் வாங்கிய ராக்கெட் அடுப்பு எப்படி?

ஆனைமலைப் பக்கம் தோப்புக்குள் இருக்கும் எங்கள் வீடு சின்னது. ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, அவ்வளவுதான். சுவரெல்லாம் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுகிற முறை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பியது. செங்கல்லில் கால்வாசி மிச்சம், சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஜன்னலும் கதவும் இறுக்கமாக மூடும்.

அந்த இறுக்கம்தான் அடுப்பு விஷயத்தில் சிக்கல். பழைய ஓட்டு வீட்டில் புகை ஓட்டுச் சந்து வழியாகத் தானே போய்விடும். இங்கே போக வழியில்லை. வெளிச்சூட்டை உள்ளே விடாத சுவர், உள்ளே மூட்டிய சூட்டையும் வெளியே விடாது. குளிர் நாடுகளில் இப்படிப்பட்ட வீட்டுக்கு அடுப்பு தேடுகிறவர்கள் வீட்டைச் சூடாக்கத் தேடுகிறார்கள். நமக்கு வேண்டியது சட்டியை மட்டும் சூடாக்குகிற அடுப்பு. நான் தேடியது அதைத்தான்.

கேஸ் இருக்கும்போது விறகு எதற்கு என்று கேட்பார்கள். தென்னந்தோப்பில் மட்டையும் பாளையும் தேங்காய்த் தொட்டியும் விழுந்துகொண்டே இருக்கின்றன. வெந்நீருக்கும் களிக்கும் கொள்ளு வேகவைக்கவும் சிலிண்டரைக் காலி பண்ண எனக்கு மனசு வராது.

முதலில் பார்த்தது விசிறி வைத்த அடுப்பு. நங்கை வீட்டில் ஒன்று இருக்கிறது. தேங்காய்த் தொட்டியை உடைத்துப் போட்டால் நீலமாக எரியும், புகையே தெரியாது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விறகைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்க வேண்டும். விசிறி நின்றபோது கம்பெனிக்காரர்களுக்குப் போன் மேல் போன் போட்டும் ஆள் வரவில்லை. இப்போது அது திண்ணையில் கிடக்கிறது.

கடைசியில் கோவை கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் ராக்கெட் அடுப்பு செய்யச் சொன்னேன். உள்ளே எல் வடிவத்தில் ஒரு குழி. கீழ் வாயில் விறகு, மேலே சட்டி. உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே சூடு தாண்டாத பொருள் நிரப்பியிருக்கும். குழி நன்றாகச் சூடேறிவிட்டால் புகையே எரிந்துபோகும் என்பதுதான் இதன் சூட்சுமம். 1980களில் அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி என்பவர் உருவாக்கிய வடிவம். பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, “எத்தனை பேருக்குங்கம்மா சமைக்கறீங்க?” நாலு பேர் என்றதும், காட்டிக்கொண்டிருந்த பெரிய அடுப்பை ஒதுக்கிவிட்டுச் சின்னதை எடுத்து வைத்தார். அது எனக்குப் பிடித்தது. பெரிய அடுப்பை வாங்கிக் காற்றை அடைத்து அடைத்து எரித்தால் விறகு புகையும், குழாயில் தார் படியும்.

அடுப்பும் புகைக்குழாயும் சேர்த்து 9,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஐ.எஸ். 13152 என்ற இந்தியத் தரம் விசிறி இல்லாத அடுப்புக்குக் குறைந்தது 25 சதவீதம், விசிறி உள்ளதற்கு 35 சதவீதம் வெப்பத்திறன், அதாவது விறகின் சூட்டில் சட்டிக்குப் போய்ச் சேரும் பங்கு, கேட்கிறது. என் அடுப்புக்கு அந்த முத்திரை கிடையாது. முத்திரை வேண்டும் என்பவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

சமையலுக்கு நல்ல அடுப்பு. அரிசிம்பருப்புக்கு இரண்டு மட்டைத் துண்டு போதும். களி கிளறும்போது சட்டி ஆடக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் சட்டியைத் தாங்கும் மூன்று கொம்பையும் தடித்த கம்பியில் வைத்துக் கொடுத்தார். துடுப்பைப் போட்டு அழுத்திக் கிளறினாலும் அசையவில்லை. எரியும்போது வெளித் தகட்டில் புறங்கையை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும்தான். அறையும் கொதிப்பதில்லை. விறகு மட்டும் காய்ந்திருக்க வேண்டும். ஈர மட்டையை வைத்தால் தண்ணீரை ஆவியாக்கவே சூடு போய்விடும், எந்த அடுப்பானாலும் புகையும்.

இனிக் குழாய். அடுப்பைவிட இதில்தான் கவனம் வேண்டும். தளத்தில் ஓட்டை போட்டால் மழைத்தண்ணீர் இறங்கும் என்று சுவர் வழியாக எடுத்தோம். சுவருக்குள் அகலமான இன்னொரு குழாயைச் சொருகி, அதற்குள் 4 அங்குலப் புகைக்குழாயைச் சாய்வாக மேல்நோக்கி விட்டு, சுற்றிலும் களிமண் பூசினார்கள். இல்லாவிட்டால் எலிப்பொறிச் சுவரின் இடைவெளிக்குள் புகை புகுந்துவிடும். வெளியே கைப்பிடிச் சுவருக்கு மேல் மூன்றடி உயரம். காலையில் குழாய் குளிர்ந்து கிடப்பதால் உடனே இழுக்காது. முதலில் ஒரு பிடி பன்னாடையை, அதாவது தென்னை மட்டையின் அடியில் இருக்கும் நார் வலையை, கொளுத்திவிட்டால், அந்தச் சூட்டில் ‘குப்’பென்று இழுக்கும். அப்புறம் மட்டையை வைக்கலாம்.

ஆடிக்காற்றுக்கு வேறு வழி செய்ய வேண்டியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சாதாரணத் தொப்பி போட்ட குழாயில் புகை திரும்பி உள்ளே வந்தது. டி வடிவ முனை மாற்றியதும் சரியாகிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். அடுப்பு எரியும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் போடவே கூடாது. இறுக்கமான வீட்டில் ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக, குழாய் வழியாகப் புகை கீழே இறங்கும். அடுப்புக்குப் பக்கத்தில் தரையை ஒட்டிச் சுவரில் 4 அங்குல ஓட்டை ஒன்று, எலி வராமல் கம்பி வலையோடு, எப்போதும் திறந்தே இருக்கட்டும். ராத்திரி நெருப்புக் கங்கை அப்படியே விட்டுக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, கண்ணும் எரியாது, ஆளைக் கொன்றுவிடும். நான் வாளியில் அள்ளி வாசலில் கொட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

குறை என்றால் இரண்டு. விறகு வைக்கும் வாய் சின்னது; மட்டையின் அடிப்பாகத்தை நீளவாக்கில் பிளந்தால்தான் நுழையும். கீழே விறகு தாங்கும் கம்பித்தட்டு சூட்டில் வளைந்துவிட்டது. அதை மட்டும் வார்ப்பிரும்பில் செய்யச் சொல்லுங்கள், கூடுதலாக இன்னொரு தட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.